ஒரு பிளேடுகூடப் போகவில்லை

"மேடம், ஆறா எட்டா? அத மட்டும் சொல்லிடுங்க. வெல்டர் மேல ஏறி உக்காந்துட்டாரு" என்று கடலூரிலிருந்து நான் போனில் கெஞ்சுவேன். "வரேன் சார். பாத்துட்டுச் சொல்றேன்" என்று சிதம்பரத்திலிருந்து பதில் வரும். அதற்கு மேல் அழுதாலும் புரண்டாலும் அவரிடமிருந்து ஒரு எண் வாங்க முடியாது. இரண்டு மணி நேரம் கழித்து கடலூர் முதுநகரில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஹெல்மெட் துருத்திக்கொண்டிருக்கும் மஞ்சள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்து வருவார். ஏணியில் ஏறுவார். பார்ப்பார். இறங்கி வந்து, "ஆறு போதும் சார்" என்பார். இதைச் சொல்ல ஐம்பது கிலோமீட்டர் வந்த மனுஷியை என்ன செய்வது? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

கட்டடங்களுக்குக் கணக்குப் போட்டு வரைபடம் தரும் ஒரு சின்ன ஆபீஸில் அவர் என்ஜினீயர். நான் முதுநகரில் மீன் பதப்படுத்தும் கூடம் ஒன்றுக்கு இரும்புத் தூணும் உத்தரமும் நிறுத்திக்கொண்டிருந்த காண்ட்ராக்டரிடம் சைட் என்ஜினீயர். எந்த மூலையில் எவ்வளவு கனத்துக்கு வெல்டிங் ஓட்டுவது என்று முடிவு செய்வது அவர் வேலை, ஓட்ட வைப்பது என் வேலை. இரண்டு தகடுகள் சேரும் மூலையில் வெல்டிங் ஒரு முக்கோணமாகப் படியும். அந்த முக்கோணத்தின் கால் எவ்வளவு நீளமோ அதுதான் சைஸ். ஐந்து, ஆறு, எட்டு, பத்து எம்.எம். என்று போகும். வரைபடத்தில் எல்லாம் எழுதித்தான் இருக்கும். ஆனால் பேப்பரில் நேராக நிற்கிற தூண் சைட்டுக்கு வந்ததும் கொஞ்சம் சாயும். பேப்பரில் ஒட்டி உட்கார்ந்த தகடு இங்கே பல்லை இளிக்கும். அப்போது பேப்பரில் உள்ள எண் உதவாது. அந்த மாதிரி நேரத்தில்தான் நான் போன் செய்வேன், அவர் பஸ் ஏறுவார்.

சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை ஒன்றை மாட்டியிருப்பார். அதன் பையில் ஒரு சாவி வளையம். அதில் சாவி இருக்காது. இரும்பு அறுக்கும் ஹாக்ஸா ரம்பத்தின் உடைந்த பிளேடுகளின் பல்லைத் தேய்த்து வழவழப்பாக்கி, ஓட்டையுள்ள முனையில் கோத்து வைத்திருப்பார். தகடுகளுக்கு நடுவே அவற்றைச் செருகிப் பார்ப்பார். மூன்று பிளேடு நுழைந்தால் ஏறக்குறைய இரண்டு எம்.எம். இடைவெளி. அதை அப்படியே சைஸோடு கூட்டி, ஆறு என்று இருந்ததை எட்டாக்குவார். கூட்டாமல் ஓட்டினால் வெளியே அளந்தால் ஆறு காட்டும், உள்ளே பிடிமானம் நாலுதான் இருக்கும். "6+2=8" என்று தூணிலேயே சாக்பீஸால் எழுதிவிட்டுத்தான் இறங்குவார். எங்கள் சைட்டில் பாதித் தூண்கள் ஒன்றாம் வகுப்புக் கணக்கு நோட்டு மாதிரிதான் நின்றன.

பிளேடு மேடம் என்று நாங்கள் பெயர் வைத்திருந்தோம். கிள்ளையிலிருந்து வரும் எங்கள் வெல்டர் அதை அவர் காதுபடவே சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். மேடம் கோபிக்கவில்லை. வளையத்தை எடுத்து ஒரு தரம் ஆட்டிக் காட்டிவிட்டு ஏணியில் கால் வைத்தார். "கீழேருந்தே பாருங்களேன் மேடம், வெயிலு இந்தக் கொளுத்து கொளுத்துது" என்றார் வெல்டர்.

"கீழேருந்து பாத்தா எல்லா ஜாயின்ட்டும் நல்லாத்தாங்க இருக்கும்" என்று பாதி ஏணியிலிருந்து பதில் வந்தது.

எல்லாவற்றிலும் இப்படித்தான். மத்தியானம் சம்பா சாதமும் கத்திரிக்காய் கொத்சும் கொண்டுவருவார். எங்களுக்கும் சேர்த்துத்தான். ஆனால் நாங்கள் கையேந்தும்போதுகூட, முதலில் தான் ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்ப்பார். காலையில் வீட்டிலேயே உப்பு பார்த்ததுதான். "பஸ்ஸுல வந்துருக்குல்ல" என்பார். பஸ்ஸில் வந்தால் உப்பு மாறுமா என்று கேட்டு நாங்கள் சிரிப்போம். அவரும் சிரிப்பார். அடுத்த தடவையும் பார்ப்பார்.

ஒரு நாள் சாப்பிடும்போது தன் கல்யாணக் கதையைச் சொன்னார். நடக்காமல் போன கல்யாணம். ஜாதகம் பொருந்திவிட்டது, மாப்பிள்ளை போட்டோ வந்துவிட்டது, வீட்டில் எல்லாருக்கும் சம்மதம். கீழவீதியில் மண்டபம்கூட விசாரித்துவிட்டார்கள். இவர் மட்டும் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி விருத்தாசலம் போயிருக்கிறார். மாப்பிள்ளை வேலை பார்த்த ஆபீஸில் ஏதோ விண்ணப்பம் வாங்க வந்தவர் மாதிரி வரிசையில் நின்றிருக்கிறார். அந்த ஆள் வயசான ப்யூனை நாயே என்று கூப்பிடுவதைக் காதால் கேட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"போட்டோவுல நல்லா சிரிச்சுக்கிட்டுதான் சார் இருந்தாரு. போட்டோவ வெச்சு என்னத்த சொல்றது?"

இதை அவர் சொன்னபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

அவரோடு எனக்குச் சண்டையும் நடந்திருக்கிறது. ஒரு தடவை ஒரு தகட்டுக்கு ஆறு போதும் என்று எழுதிவிட்டுப் போனார். நான் பெரிய புத்திசாலி, பத்து ஓட்டச் சொன்னேன். ஜாஸ்தி போட்டால் ஜாஸ்தி பலம், யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைப்பு. பத்து என்றால் ஆறுக்கு ஓட்டுவதைப் போல மூன்று மடங்கு வெல்டிங் ராடு எரியும், மூன்று மடங்கு சூடு ஏறும். மறுநாள் பார்த்தால் தகடு நாய்க்காது மாதிரி மேலே தூக்கிக்கொண்டு நின்றது. எதிரில் இருந்த தகட்டோடு போல்ட் ஓட்டை ஒன்றுகூடச் சேரவில்லை. அவர் வந்து ஸ்கேலை வைத்து, அடியில் தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்தார். நான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை வரவில்லை. "பின்னாடி சூடு காட்டி நேராக்கிடலாம் சார். ரெண்டு நாளாவும்" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. அன்றைக்கு எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது. மரியாதை வந்தால் ஆள் திருந்திவிடுவான் என்று யார் சொன்னது?

அந்த வருஷம் ஐப்பசி மழை ஊரையே மூழ்கடித்தது. சிதம்பரத்திலிருந்து புவனகிரி வழியாகவும் பஸ் இல்லை, முட்லூர் வழியாகவும் இல்லை. கூடத்தில் மீன் பெட்டிகளைத் தூக்கி நகர்த்த மேலே ஒரு உத்தரம் ஓட வேண்டும். அதை இரண்டு முனையிலும் தாங்க, தூணுக்கொரு பிராக்கெட். கிழக்குப் பக்கம் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. மேற்குத் தூண் கொஞ்சம் விலகி நின்றதால் அந்தப் பக்கத்துப் பிராக்கெட்டை நாங்களே நீட்டி, புதிதாக வெட்டி வைத்தோம். நீளம் மாறினால் வெல்டிங் சைஸும் மாறும், அவரைக் கேட்காமல் ஓட்ட முடியாது. வெட்டியது சரியில்லை. மேல்முனையில் ஆறு பிளேடு தாராளமாகப் போகும், நாலு எம்.எம். இருக்கும். மழை விட்டதும் படகுகள் கடலுக்குப் போய்விடும், அதற்குள் தூக்கிப் பார்த்துச் சோதிக்க வேண்டும் என்று ஓனர் குதித்துக்கொண்டிருந்தார்.

"நான் வர முடியாது சார், நீங்க ரெண்டு நாளு பொறுங்க" என்றார் அவர்.

"ஓனரு தினமும் என் சட்டையப் புடிக்கிறாரு மேடம். காண்ட்ராக்டரு எனக்கு வேலையே இல்லங்கிறாரு. எனக்காக ஒரே ஒரு தடவ."

மழைச் சத்தத்துக்கு நடுவே கேட்டார்: "எத்தன பிளேடு போவுது?"

"ஒண்ணுகூடப் போவல மேடம்."

"மேல்முனையில பாத்தீங்களா?"

"பாத்துட்டேன் மேடம்."

"ஒரு போட்டோ அனுப்புங்க."

நான் கிழக்குத் தூணுக்குப் போனேன். அங்கே ஒட்டி உட்கார்ந்திருந்த பிராக்கெட்டைக் கிட்டத்தில் நின்று படம் எடுத்து அனுப்பினேன். ஏன் அப்படிச் செய்தேன்? உண்மையைச் சொல்லியிருந்தால் ஆறும் நாலும் பத்து என்று சொல்லியிருப்பார், அவ்வளவுதான். அல்லது நான் வரும்வரை தொடாதீர்கள் என்றிருப்பார். அந்த இரண்டு நாளுக்குப் பயந்தேன். தப்பு நான் கொடுத்த அளவில்தான் என்பதும் வெளியே வந்துவிடும். வேறு காரணம் எதுவும் இல்லை, தேடியும் பார்த்துவிட்டேன்.

கால் மணி நேரத்தில் போன் வந்தது. "ஆறு போதும் சார்" என்றார். பஸ் ஏறாமல் அவர் சொன்ன ஒரே எண் அதுதான்.

"சார், கேப்பு இவ்ளோ இருக்குதே. உள்ள ரெண்டு ராடு வெச்சு அடைச்சுட்டு மேல ஓட்டிடவா?" என்று வெல்டர் கேட்டார். எல்லா சைட்டிலும் செய்கிற காரியம்தான். "ஓட்டு" என்றேன். ஓட்டி முடித்ததும் வெளியே அளந்தேன். ஆறு காட்டியது. கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்தது.

மூன்றாம் நாள் மணல் மூட்டைகளைத் தொங்கவிட்டுச் சோதித்தோம். மேற்குப் பக்கப் பிராக்கெட் மேலிருந்து கிழிந்துகொண்டு வந்தது. உத்தரம் சாய்ந்து மூட்டைகள் சரிந்தன. கீழே நின்ற வெல்டரின் வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு வந்து நான் செய்த முதல் வேலை, ஆபத்து ஆபத்து என்று கத்திக்கொண்டு அந்தப் பிராக்கெட்டைக் கழற்ற வைத்ததுதான். அன்று சாயங்காலத்துக்குள் தூணில் ஒட்டியிருந்ததை எல்லாம் கிரைண்டர் போட்டு வழித்தேன். உள்ளே அடைத்த ராடும் பழைய இரும்போடு போய்விட்டது. பிராக்கெட்டைத் திரும்ப வைத்து, இடைவெளியில் தகடு செருகி, வேறொரு வெல்டரைக் கொண்டு பத்து எம்.எம். ஓட்டினோம்.

ரோடு திறந்ததும் முதல் பஸ்ஸில் வந்தார். தூணைப் பார்த்தார். புது வெல்டிங் எல்லாவற்றையும் மூடியிருந்தது, பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. வளையத்தை வெளியே எடுத்தவர், செருக இடமில்லாமல் மறுபடி பையில் போட்டுக்கொண்டார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஓட்டும்போது நீங்க பக்கத்துல நின்னு பாத்தீங்களா சார்?"

"பாத்தேன் மேடம்."

"ராடு நனஞ்சிருந்துச்சா?" ஈர ராடில் ஓட்டினால் வெல்டிங் விரிசல் விடும்.

"இல்ல மேடம், காயவெச்சுதான் ஓட்டுனாரு."

"அப்ப சைஸுதான் தப்பு" என்றார். என்னை அவர் சந்தேகப்படவே இல்லை. ஓனருக்கும் காண்ட்ராக்டருக்கும் முன்னால் அவரே போனைத் திறந்து அந்தப் படத்தைக் காட்டினார். தகடு நன்றாகத்தான் உட்கார்ந்திருந்தது, வெல்டரைக் குற்றம் சொல்லாதீர்கள், போனில் ஆறு என்று சொன்னது நான்தான், நேரில் பார்க்காமல் சொன்னேன் என்றார். "பத்து போட்டதும் நிக்கிதே, மொதல்லயே சொல்லிருக்கணும்ல?" என்று கத்தினார் ஓனர். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். மேடத்தின் ஆபீஸிலும் வாடிக்கையாளரை விடக் கூடாது என்று, கணக்கில் பிழை என ஒத்துக்கொண்டு கடிதம் கொடுத்துவிட்டார்கள். அவர் அந்த வேலையிலிருந்து நின்றுவிட்டதாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன்.

ஆஸ்பத்திரிக்கு நான் போனபோது வெல்டர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். "மேடம் வந்தாங்க சார். சாத்துக்குடி வாங்கியாந்தாங்க. என் கணக்கு தப்பாயிடுச்சுங்க, மன்னிச்சிடுங்கன்னு கையெடுத்துக் கும்புட்டாங்க. ராடு வெச்சு அடச்சவன் நான். எனக்கு வாயே வரல சார். நீங்களாச்சும் சொல்லிடுங்க" என்றார். சொல்கிறேன் என்றேன். அவருக்கு அந்தக் காலத்தில் வைத்தியச் செலவு காண்ட்ராக்டர் தயவில் ஓடிக்கொண்டிருந்தது, அவரால் வாய் திறக்க முடியாது. எனக்கு அப்படி என்ன தடை? ஒன்றுமில்லை. நாளைக்குச் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று எட்டு வருஷம் போய்விட்டது.

போன மாதம் வெல்டர் போன் செய்தார். மகளுக்குக் கல்யாணம். "மேடத்துக்கும் பத்திரிக வெக்கணும் சார். அவுங்க வூட்டு வாசல்ல நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நிக்கிறது? நீங்க சொல்லிட்டீங்கதானே?"

மறுநாள் சிதம்பரம் பஸ்ஸில் ஏறினேன். போனிலேயே சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அவரிடம் அதைப் போனில் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்று பட்டது.

வடக்கு வீதியை ஒட்டிய சந்தில் வீட்டு முன்னறையையே ஆபீஸாக்கியிருந்தார். முடி நன்றாக நரைத்துவிட்டது. அதே முழுக்கைச் சட்டை ஆணியில் தொங்கியது. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, "வாங்க சார் வாங்க, கால் எப்புடி இருக்குது அவருக்கு, நடக்கிறாரா?" என்றுதான் முதலில் கேட்டார். நடக்கிறார், கொஞ்சம் சாய்த்து நடக்கிறார் என்றேன். டீ கொண்டுவந்தார். என்னிடம் நீட்டுமுன் தன் தம்ளரிலிருந்து ஒரு வாய் குடித்துச் சர்க்கரை பார்த்துக்கொண்டார்.

மேஜைமேல் ஒரு கொட்டகையின் வரைபடம் கிடந்தது. கோடுகள் சுத்தமாக இருந்தன. வெல்டிங் காட்டும் அம்புக்குறிகளும் இருந்தன. அம்புக்குறிப் பக்கத்தில் எண் மட்டும் ஒன்றிலும் இல்லை. நான் பார்ப்பதை அவர் பார்த்தார்.

"கோடு போடுறதோட சரி சார். சைஸு நான் சொல்றதில்ல. அது வேற ஒருத்தர் போட்டுக்குவாரு."

பிறகு, நான் கேட்காமலே போனை எடுத்தார். "மூணு போனு மாத்திட்டேன். இந்தப் படத்த மட்டும் ஒவ்வொண்ணுலயும் ஏத்தி வெச்சிருக்கேன். எத்தன தடவ கணக்குப் போட்டாலும் ஆறுதான் சார் வருது. இவ்ளோ நல்லா உக்காந்துருக்கு, ஏன் கிழிஞ்சிச்சு? எங்கயோ தப்பு பண்ணிருக்கேன், எங்கன்னுதான் தெரியல. அது தெரியாம அடுத்தவங்களுக்கு எப்படி ஒரு எண்ணு சொல்றது?"

தம்ளரைக் கீழே வைத்தேன்.

"இது அந்த பிராக்கெட்டே இல்ல மேடம். இது கெழக்குத் தூணு. மேற்குல கேப்பு இருந்துச்சு. நான்தான் மாத்தி அனுப்புனேன். உள்ள ராடு வெச்சு அடைக்கச் சொன்னதும் நான்தான். உங்க கணக்குல தப்பே இல்ல."

கத்துவார் என்று நினைத்தேன், அழுவார் என்று நினைத்தேன். அவர் எழுந்து ஆணியில் தொங்கிய சட்டைப் பையில் கைவிட்டு வளையத்தை எடுத்தார். பிளேடுகள் கறுத்துப் போயிருந்தன.

"எத்தன?"

"ஆறு மேடம்."

ஆறு பிளேடுகளை எண்ணிப் பிரித்து, ஆள்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே சேர்த்துப் பிடித்தார். ஜன்னல் வெளிச்சத்தில் அந்தக் கனத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் உதடு ஆறும் நாலும் பத்து என்று முணுமுணுத்ததை நான் பார்த்தேன். ஒரு நொடி முகம் மலர்ந்தது. நிஜமாகவே மலர்ந்தது, எட்டு வருஷத்து வலியும் இறங்கிவிட்டது என்றே நினைத்தேன். பிறகு அது மெல்ல அடங்கியது.

"இப்ப சொல்றீங்க. அன்னைக்கும் நின்னு பாத்தேன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றார். குரலில் கோபமே இல்லை. "நான் இப்புடி முடங்கிக் கெடக்கிறத யாராவது சொல்லிருப்பாங்க. அத கேட்டுட்டு எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு வந்து சொல்றீங்களோ என்னமோ, எனக்கு எப்புடித் தெரியும்?"

"சத்தியமா மேடம். வெல்டர வேணா கேளுங்க."

"அவரு நீங்க சொல்றததான் சொல்லுவாரு. அந்த ஜாயின்ட்டு இருக்குதா சார்? வாங்க, இப்பவே பஸ்ஸு ஏறலாம். ஒரு தடவ செருகிப் பாத்துட்டா போதும் எனக்கு."

அந்த ஜாயின்ட்டை வழித்து எடுத்தது என் கை. அதற்கு மேல் பத்து எம்.எம். ஓட்ட வைத்ததும் நான்தான்.

அவர் பிளேடுகளை வளையத்தில் ஒழுங்காகத் தள்ளிவிட்டு, சட்டைப் பையில் போட்டார். எண் இல்லாத வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

"டீயக் குடிங்க சார், ஆறிடப்போவுது" என்றார். "பாக்காம நான் எப்புடி சார் ஒத்துக்கிறது?"